முரியல் மிஸ்ஸியின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

ரெங்கசாமி கிராணியைக் கொன்றது தோட்டா அல்ல. 1951ஆம் ஆண்டு மார்ச் மாதம், மலாயாவில் புக்கிட் பெலிம்பிங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் கணக்கெழுதிவந்த அவர் மோட்டார் சைக்கிளோடு மரப்பாலத்திலிருந்து விழுந்தார். தொடையில் ஒரு கிழிசல். கண்டவர்கள் நல்ல மனதுக்காரர்கள். தோளையும் காலையும் பிடித்துத் தூக்கி, ரப்பர்ப் பால் லோரியில் உட்காரவைத்து, வாயில் சோடா ஊற்றிக்கொண்டே வந்தார்கள். தோட்ட ஆஸ்பத்திரி மேசையில் கிடத்தியபோது அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சற்று நேரத்தில் மூச்சு அடங்கியது.

மேசையருகே நின்றவர் முரியல். தாதியரை மிஸ்ஸி என்று அழைப்பது நம் வழக்கமாதலால் தோட்டத்துக்கே அவர் முரியல் மிஸ்ஸி. சுங்கை பஞ்சாங்கில் பிறந்து, கிள்ளானில் தொழில் பழகியவர். அப்போது வயது முப்பத்து மூன்று. இறந்தவரின் புண்மேல் தம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை புண்ணை முழுதாக மூடியது. வழியிலேயே யாராவது ஒருவர் இப்படி அழுத்திப் பிடித்திருந்தால் ஆள் பிழைத்திருப்பார். அந்த நினைப்பு அவரை நிம்மதியாகச் சாப்பிடவும் விடவில்லை. இன்னொருவர் இதே கோலத்தில் வந்து சேரக்கூடாது என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் போய்ப் பேசி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வகுப்பு நடத்த அனுமதி வாங்கினார்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வந்தார்கள், பெரும்பாலும் கிராணிகள். பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் சலாவுதீனும் வந்தார். முதல் நாளே சிவானந்தம் கிராணி சீண்டினார்.

"மிஸ்ஸி, உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது கிராணியாரே. விழுந்தவங்களத்தான் தெரியும்."

களம் சிரித்தது. அவர் விடவில்லை. "காட்டோரமா மெதுவா போனா கம்யூனிஸ்டுங்க சுட்டுருவானுங்க லா. முறுக்கிப் பிடிச்சாதான் உயிர் தப்பும்."

"குண்டடி பட்டு ஒருத்தரும் என் மேசைக்கு வரல. செம்மண் வளைவுல முறுக்கி விழுந்துதான் அஞ்சு பேர் வந்தாங்க. வளைவுக்கு முன்னாடி வேகத்தக் குறைங்க. நடு வளைவுல பிரேக்க மிதிச்சா சரளை வாரி விட்டுரும்."

விழுந்தவராக நடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒரு பெண் முன்னால் தரையில் படுக்க கிராணிகளுக்குக் கௌரவம் இடம் தரவில்லை. சலாவுதீன் சட்டென்று படுத்துவிட்டார். "மீன் வாடைய மட்டும் பொறுத்துக்குங்க மிஸ்ஸி."

"பாய் படுத்திருக்கிறத பாத்தா ஐஸ்ல வெச்ச சேனங்கெளுத்தி மாதிரியே இருக்கு," என்றார் சிவானந்தம்.

படுத்திருந்தவரைத் தூக்காமல், உட்காரவைக்காமல், வாயில் எதையும் ஊற்றாமல், புண்ணை மட்டும் அழுத்துவது எப்படி என்று மிஸ்ஸி காட்டினார். முடிவில் ஆளுக்கொரு பொட்டலம் பஞ்சும் அயோடினும் கொடுத்தனுப்பினார். முள்வேலிக் கதவில் நின்ற காவலர் நல்லசாமி எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துக்கொண்டார். அவசர காலச் சட்டம். அரிசியைப் போலவே மருந்தும் வேலியைத் தாண்டக்கூடாது, காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குப் போய்விடும்.

"மன்னிச்சுக்குங்க மிஸ்ஸி. விட்டா என் வேலை போயிரும்."

"உங்க மேல குத்தமில்ல. துணிக்குத் தடை உண்டா?"

"தோள்ல போடற துண்டா? அதுக்கென்ன தடை?"

அடுத்த ஞாயிறு, கொதிக்கவைத்து இஸ்திரி போட்ட வெள்ளைத் துண்டுகள் வந்தன. மடித்துச் சட்டைக்குள் வைக்க வேண்டும். வியர்வை துடைக்கவே கூடாது. ஆனால் தோட்டத்து ஆணிடம் துண்டைக் கொடுத்து முகம் துடைக்காதே என்றால் நடக்கிற காரியமா? வாராவாரம் மிஸ்ஸி சோதித்தார். சலாவுதீனின் துண்டை இரண்டு விரலால் தூக்கி, "இத அலசினா குழம்பே வெச்சிரலாம் பாய்," என்றார். அழுக்கானதை வாங்கித் தாமே வேகவைத்து மறுபடி கொடுத்தார். ஒரு வாரம்கூட அலுத்துக்கொண்டதில்லை.

அக்டோபரில் ஒரு நாள், பகல் பதினொரு மணி இருக்கும், பால் லோரி ஒலிப்பானை விடாமல் அலறவிட்டபடி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. மறுபடியும் அதே லோரி.

மிஸ்ஸி ஓடிப்போய்ப் பார்த்தார். பின்பலகையைக் கழற்றி, அதன்மேல் சிவானந்தத்தை நீட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். கெண்டைக்கால் கிழிந்து, எலும்பும் முறிந்திருந்தது. அவர் காலில் துண்டை வைத்து அழுத்திப் பிடித்தபடி குனிந்திருந்தார் சலாவுதீன். சாலையில் வண்டி விழுந்து கிடந்தால் நிற்காதே, பதுங்கித் தாக்குவார்கள் என்று எல்லாரையும் எச்சரித்திருந்த காலம் அது. மீன் கூடையோடு போன சலாவுதீன் நின்றிருக்கிறார்.

"என் துண்டு நாசமாக் கிடந்திச்சு மிஸ்ஸி," என்றார் தலை நிமிராமல். "கிராணி சட்டைக்குள்ள இருந்தத எடுத்துக்கிட்டேன். லோரிக்காரங்க தூக்கி உக்கார வைக்கப் பாத்தாங்க. தொட்டா கைய ஒடிச்சிருவேன்னு சொல்லிட்டேன்."

மிஸ்ஸி நாடியைப் பார்த்தார். வேகமாக ஓடியது, ஆனால் விரலுக்கு நன்றாக எட்டியது. சிவானந்தம் கண்ணைத் திறந்தார். "வளைவுல கொஞ்சம் முறுக்கிட்டேன் மிஸ்ஸி..."

"பேசாதீங்க கிராணியாரே. பாய், நான் பிடிச்சுக்கறேன். கைய எடுங்க."

"எடுத்தா பீறிக்கும். துணியத் தூக்கிப் பாக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதே நான்தான் சொல்றேன். எடுங்க."

விரல்கள் மரத்துப்போய் மடங்கியபடியே இருந்தன. ஒன்றொன்றாக மிஸ்ஸி பிரித்துவிட்டு, அதே இடத்தில் தம் உள்ளங்கையைப் பதித்தார். கசிவு நின்றிருந்தது. அவர் கண் கலங்கியதை லோரிக்காரர் பார்த்திருக்கிறார். சிவானந்தத்துக்குக் கால் சற்றுக் குட்டையானது. உயிருக்கு ஒரு குறையும் வரவில்லை.

சலாவுதீன் லோரியிலிருந்து இறங்கினார். முகம் வெளுத்திருந்தது; லோரியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"பாய், அந்த பெஞ்சுல படுங்க. காலத் தூக்கி மேல வைங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ்ஸி. கூடை மீனு வெயில்ல கிடக்கு."

"கிடக்கட்டும். படுங்க."

படுத்தார்.