டிரம்மின் மேல் ஒரு கை

அரியமங்கலத்தில் ஸ்டீபன்ராஜ் ஐயாவின் பட்டறையில் நீராவி டிரம் செய்கிறார்கள். கல்யாணச் சமையல் கூடங்களில் சோறும் பருப்பும் வேகிற நீராவி அதில்தான் அடைபட்டிருக்கும். அவர் அப்பா அடைக்கலம் தொடங்கிய தொழில். இப்போது மகள் லூர்துராணி நடத்துகிறாள். அறுபத்தாறு வயதிலும் ஐயா விடாத வேலை ஒன்றே ஒன்று: டெஸ்ட் நடக்கும்போது கடைசி வெல்டிங்கின் மேல் உள்ளங்கையை வைத்து நிற்பது.

அது அடைக்கலத்தின் வழக்கம். டிரம்முக்குள் தண்ணீரை நிரப்பி, எட்டு கிலோ வரை அழுத்தம் ஏற்றுவார்கள். வீட்டு ஆள் ஒருவர் கை வைத்து நின்றால்தான் வாங்குகிறவர் நம்புவார் என்பது அவர் எண்ணம். ஒருமுறை வெல்டிங் விட்டு, அவர் முகமெல்லாம் தண்ணீர். "காலையில மூஞ்சி கழுவல, அதான்" என்றாராம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அந்த வீட்டில் பயம் போய்விட்டது.

போன சித்திரையில் போர்வெல் வற்றியது. லாரித் தண்ணீரும் வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் ஹம்ஸா மாமி தினமும் போன் செய்து டிரம்மைக் கேட்டார்.

"காத்துல டெஸ்ட் பண்ணிடலாம்பா. கம்ப்ரஸர் சும்மாதானே கெடக்கு?" என்றாள் ராணி.

"காத்தோ தண்ணியோ, எட்டு கிலோன்னா எட்டு கிலோதானே," என்றார் ஐயா. போய்க் கை வைத்தார்.

அப்படி இல்லை. தண்ணீர் என்றால் வெல்டிங் விட்டதும் பீச்சி அடித்து அடங்கிவிடும். அடைத்த காற்று அடங்காது. தகட்டைக் கிழித்துத் தூக்கிக்கொண்டு போகும். அங்கே டிராயிங் போடுகிற எனக்கு அது தெரியும். வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை.

டிரம் தாங்கியது. அதுதான் வினையாகப் போயிற்று. மழை பெய்து போர்வெல் ஊறிய பிறகும், அரை நாள் மிச்சம் என்று காற்றே நிலைத்தது. தண்ணீர்க் குழாய் ஆணியில் சுருண்டு தொங்கியது. வெல்டர் அறிவுமதி மட்டும் ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஓரடி பின்னால் போனார்.

"என்ன அறிவு, தூணக் கட்டிப் புடிச்சிருக்க? சம்சாரம் ஞாபகமா?" என்பார் ஐயா.

"தூண் திட்டாதுங்கய்யா," என்பார் அவர், சிரிக்காமல்.

ஐப்பசியில், காற்றில் டெஸ்ட் பண்ணும் பதினோராவது டிரம். ஐயாவுக்கு முட்டி வீக்கம். "நகருங்கப்பா. இனிமே நான் நிக்கிறேன்," என்று ராணி வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை வைத்தாள். ஐயாவுக்குப் பெருமை. அழுத்தம் காட்டும் கேஜுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

முள் மூன்றைத் தாண்டியது. நாலு. இத்தனை வருஷம் டிரம்மோடு நின்றவர், முள் ஏறுவதைப் பார்த்ததே இல்லை. இப்போது முள்ளையும் மகள் கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து. அவர் சிரிப்பு முகத்திலேயே உறைந்துவிட்டது. அறிவுமதியைத் தேடினார். தூணுக்குப் பின்னால் தோள் மட்டும் தெரிந்தது.

எழுந்து சுவிட்சை அணைத்தார். வால்வைத் திறந்தார். காற்று அலறிக்கொண்டு வெளியேறியது.

"என்னப்பா! தாத்தா நின்னாரு, நீங்க நின்னீங்க. நான் நின்னா ஆகாதா?"

"தண்ணி ஊத்து," என்றார்.

ஊற்றினோம். அவள் வீம்புக்கு அதே இடத்தில் கை வைத்தாள். ஏழு கிலோவில், அவள் விரலிடுக்கிலிருந்து தண்ணீர் நூலாகப் பீச்சி, கன்னத்தில் அடித்தது.

மூஞ்சி கழுவிய கதையை யாரும் சொல்லவில்லை. காற்றடைத்த பத்து டிரம்மின் மேல் வைத்த தன் உள்ளங்கையை ஐயா விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.