இரண்டாவது சீற்

எங்கள் குசினிச் சுவரில் நான் பூட்டிய தட்டு ஒன்பதாம் நாள் கோப்பைகளோடு கீழே வந்தது. அதற்குப் பிறகு என் மனைவி ஒரு சுத்தியலைத் தருவதென்றாலும் கொஞ்சம் யோசித்துத்தான் தருவாள்.

அப்படிப்பட்ட நான், ஐம்பத்திரண்டு வயதில், விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்த கையோடு, ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் கராஜிலேயே இரண்டு சீற் விமானம் ஒன்று கட்டப்போவதாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“ஆர் கட்டுறது?”

“பாகம் பாகமா பெட்டியில வரும். தெரிஞ்ச ஆளொண்டைப் பிடிச்சுச் செய்விக்கிறன்.”

“அப்ப நீங்கள்?”

“நான் ரோச் லைற் பிடிப்பன்.”

“அப்பிடியெண்டா நானும் ஏறுவன்.”

ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் பேஸ்மென்ற் கட்டுவதும் கூரை மாற்றுவதும் இப்படித்தான். தெரிந்த ஆள் செய்வார், வீட்டுக்காரர் தேத்தண்ணியோடு பக்கத்தில் நின்று குறை சொல்வார். விமானமும் அந்த வகை என்றுதான் நம்பியிருந்தேன்.

நான் பிடித்த ஆள் பக்கத்து வோபர்ன் பகுதியில் இருந்து வந்தார். முப்பது வருஷம் விமானத் தகடு வேலை பார்த்த முஸ்லிம் மனிதர், எனக்கு மூத்தவர், ஆகவே அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிட்டேன். முதல் நாளே, தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணி அடிக்கும் துவக்கை என் கையில் வைத்தார்.

“பாதிக்கு மேல வேலை நீங்கதான் செய்யோணும், தம்பி. சட்டம் அப்பிடி. இல்லாட்டி வீட்டில கட்டின விமானமெண்டு பதிய ஏலாது. பறக்கவும் ஏலாது.”

“அப்ப உங்களை என்னத்துக்கு, நானா, பிடிச்சனான்?”

“நீங்க விடுற பிழையைப் பிடிக்க.”

நாலு பனிக்காலம் அவர் அதைத்தான் செய்தார். நான் அடிப்பேன். அவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டு, விரலால் தடவி, “கழட்டுங்க” என்பார். கழற்றுவேன். திரும்ப அடிப்பேன். “கழட்டுங்க.” கடைசியில் அந்தச் சொல்லைக் கேட்டால் கோபம்கூட வரவில்லை, முதுகு மட்டும் நொந்தது. சட்டத்துக்குச் சாட்சி வேண்டுமென்று நான் வேலை செய்வதை என் போனிலேயே படமும் எடுத்து வைத்தார்.

மனைவி தேத்தண்ணியோடு கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் துவக்கை நானாவின் கையில் திணித்துவிட்டு ரோச்சைத் தூக்குவேன். முதல் தடவை அவர் திகைத்தார். பிறகு பழகிவிட்டது. அவள் போகும்வரை துவக்கைப் பிடித்தபடி நிற்பார், போனதும் திருப்பித் தருவார். ஒரு நாளும் என்னவென்று கேட்கவில்லை.

இறக்கைகளைத் தகட்டால் மூடமுன் இன்ஸ்பெக்டர் வந்து உள்ளே பார்க்கவேண்டும். வந்தார், வயதான வெள்ளைக்காரர். பின்னாலேயே என் மனைவி ஒரு தட்டு நிறைய ரோல்ஸோடு வந்தாள். அவர் இறக்கையின் மூன்றாவது விலாச் சட்டத்தில் விரலை வைத்து, இது யார் வேலை என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கமுன், டொக்டர்மாருக்கென்று வைத்திருக்கும் தன் நல்ல ஆங்கிலத்தில் அவள் சொன்னாள்: கவலைப்படாதீர்கள் ஐயா, என் கணவர் இதில் கையே வைக்கவில்லை, எல்லாம் இந்த நிபுணர்தான். கணவர் வெளிச்சம் பிடிப்பவர்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். நானா கூரையைப் பார்த்தார். குளிரில் கதவு திறந்திருந்த கராஜில் எனக்கு வியர்த்தது. அவள் சொன்னதற்கு ஓம் என்றால் விமானம் இல்லை. இல்லை என்றால் பக்கத்து சீற்றில் இவள் இல்லை. நாலு பனிக்காலத்தையும் நினைத்தேன். களைப்புத்தான் வென்றது.

“நான்தான் செய்தேன்” என்றேன்.

அவர் ஒரு கழிவுத் தகட்டை நீட்டி, அடித்துக் காட்டச் சொன்னார். முதல் ரிவெட் தலை சாய்ந்து கிடந்தது. நான் என்பாட்டில் அதைக் கழற்றிவிட்டு அடுத்ததை அடித்தேன். அது நேராக நின்றது. கழற்றிய விதத்திலேயே தெரிகிறது, நிறையப் பழகிய கை என்றார் இன்ஸ்பெக்டர். போனில் இருந்த படங்களையும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். முதல் சில மணித்தியாலங்கள் நீ தனியாகத்தான் பறக்கவேண்டும், யாரையும் ஏற்றக்கூடாது என்று சொல்லி, ஒரு ரோல்ஸையும் எடுத்துக்கொண்டு போனார்.

மனைவி என் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“உதுவும் நீங்களோ?”

“ஓம்.”

“உது?”

“ஓம்.”

“நானா, அப்ப நீங்கள் என்னதான் செய்தனீங்கள்?”

“கழட்டச் சொன்னன், தங்கச்சி.”

“எத்தினை தரம்?”

“எண்ணேல்ல.”

அவள் மூன்றாவது விலாவைக் குனிந்து பார்த்தாள், தொடவில்லை. போனை மேசையில் வைத்தாள்.

“தனிய ஓடுற மணித்தியாலத்தை முதல்ல ஓடி முடியுங்கோ. முடியேக்க நீங்கள் இருந்தா, ஏறுறதைப் பற்றி யோசிக்கிறன்.”

ரோல்ஸ் தட்டோடு உள்ளே போய்விட்டாள். தனியாக என்ற சொல் அப்போதுதான் எனக்குச் சரியாகக் கேட்டது. நான் அடித்த இறக்கை, நான் மட்டும். துவக்கை அவர் கையில் திணித்த ஒவ்வொரு தடவையும் எல்லாம் நானாவின் வேலைதான் என்று நானும் கொஞ்சம் நம்பியிருக்கிறேன்.

இறக்கையின் நுனிக்குப் போய் முதல் ரிவெட்டில் விரலை வைத்தேன்.

“அந்தாள் எல்லாம் பாத்திட்டார், தம்பி,” என்றார் நானா.

“தெரியும் நானா. நீங்கள் ரோச்சைப் பிடியுங்கோ.”