மூடினாலும் நிற்காத போன்

பழைய மடக்கு போனைக் குழாயம்மா தாடையால்தான் திறப்பார். அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. ஒரு கை சிங்க்குக்கு அடியில் குழாயைப் பிடித்திருக்கும், மறு கையில் ரெஞ்ச் இருக்கும். பாக்கெட்டில் போன் அடித்தால் இரண்டு விரலால் உருவி, தாடையில் வைத்து ஒரு தள்ளு. பேசி முடித்ததும் அதே தாடையால் "டப்" என்று மூடுவார். மூன்று பிளாக்குகள் கொண்ட அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும். கிளம்பிவிட்டார் என்று அதற்குப் பொருள். சில சமயம், இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை என்றும் பொருள்.

குழாய் வேலை முதலில் அவர் கணவருடையது. ஊர் அவரை மாஸ்டர் என்று அழைத்தது. மாஸ்டரின் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவர்தான் இவர். மாஸ்டரின் முதுகு குனிய மறுத்துவிட்ட பிறகு தனியாகப் போகத் தொடங்கினார். கதவைத் திறக்கிறவர்கள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பிளம்பர் எங்கம்மா?" என்பார்கள். "வழி விடுங்க, உள்ள வந்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். சில மாதங்களில் எட்டிப் பார்ப்பது நின்றது. யாரோ குழாயம்மா என்றார்கள், அதுவே பெயராகிவிட்டது.

குடியிருப்பின் மேனேஜர் ஒருநாள் லிஃப்ட் கதவில் ஒரு தாளை ஒட்டினார். இனிப் புகார்கள் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும். வேலைக்காரர்களும் அதில் இருக்க வேண்டும். யார் முதலில் "வருகிறேன்" என்று போடுகிறாரோ அவருக்கே வேலை. மடக்கு போனில் குரூப் கிடையாது. ஆகவே அந்தத் தாளின்படி குழாயம்மாவுக்கும் அந்தக் குடியிருப்பில் இடம் கிடையாது.

வெளியூரில் அலுவலக வேலை பார்க்கும் மகன் இதைக் கேள்விப்பட்டதும் உடனே வழி சொன்னான்.

"உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி? என் நம்பரை குரூப்ல சேத்துடு. நான் பாத்துட்டு வர்றேன்னு போட்டுடறேன். அப்புறம் உனக்கு போன் பண்ணிச் சொல்றேன்."

"வர்றது நானு. வர்றேன்னு சொல்றது நீயா?"

"என்னம்மா, உதவிதானே?"

"பையைத் தூக்கு, அது உதவி."

டப்.

மறுநாளே போன் கடைக்குப் போனார். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்கு மேலாகச் சிரித்தார்.

"பையனுக்கா, பொண்ணுக்காம்மா?"

"எனக்கு."

"அப்ப பட்டன் போன் காட்டட்டுமா? பெரிய பெரிய பட்டனா இருக்கும்."

"பட்டனை அழுத்தி அழுத்தி எழுத்தே அழிஞ்சு போச்சு. அந்த டச் போனைக் காட்டுங்க. இருக்கறதிலேயே விலை கம்மியானது."

விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்று வெளியே வந்தது. கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்த குழாயம்மாவுக்கு அதில் ஒரு பெரிய குறை தெரிந்தது. அதை மூட முடியாது. கடைக்காரர் புத்தக அட்டை போல மடங்கும் கறுப்பு உறை ஒன்றை எடுத்து மாட்டினார்.

"மூடலாமா?"

"நல்லா மூடலாம்மா."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

முதல் வாரம் போனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அழைப்பு வந்தால் பச்சை வட்டத்தைக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்துவார். அது எடுக்காது. அழுத்தக் கூடாது, தள்ள வேண்டும் என்று புரிவதற்குள் நாலைந்து பேர் வேறு பிளம்பரைத் தேடிப் போயிருப்பார்கள். ஈர விரலை அந்தத் திரை மதிக்கவில்லை. எதைத் தொட்டாலும் ரெஞ்சைப் பிடிக்கிற மாதிரி நெடுநேரம் பிடிப்பார். படங்கள் இடம் மாறின, கேட்காத பெட்டிகள் திறந்தன, கேள்விகள் வந்தன. யாரும் கேட்காமலே போனோடு கூட வந்திருந்த விளையாட்டுகள் வேறு மணிக்கொரு தரம் கூப்பிட்டன. அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்ததுதான் அவர் அந்த போனில் முதலில் உருப்படியாகக் கற்றுக்கொண்ட வித்தை.

"தொடும்மா, போதும். அதென்ன திருகாணியா?" என்றார் மாஸ்டர் நாற்காலியிலிருந்து.

"நீங்க பட்டன் போன்லயே ராங் நம்பர் போட்டவரு. பேசாம இருங்க."

விடுமுறைக்கு வந்த மகன் ஒரு மத்தியானம் முழுக்க போனைத் தன் மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதையெதையோ செய்தான். வாட்ஸ்அப் போட்டு, குரூப்பில் சேர்த்து, "எல்லாம் பண்ணிட்டேன்மா, நீ ஒண்ணும் தொட வேணாம்" என்று கொடுத்துவிட்டு ஊருக்குப் போனான். அவன் பஸ் ஏறியதுமே குழாயம்மா தொட ஆரம்பித்தார். மொழியைத் தமிழுக்கு மாற்றினார். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய், ஒரு வரிக்கு இரண்டு சொல் என்ற அளவில் நிறுத்தினார்.

"எதிர் வீட்லேர்ந்தே படிக்கலாம் போல இருக்கு" என்றார் மாஸ்டர்.

"படிக்கட்டுமே. நான் என்ன ரகசியமா எழுதறேன்?"

பெயர்களையும் தன் வழக்கப்படியே பதிந்துகொண்டார். அவருக்கு ஆட்கள் பெயரால் நினைவில் நிற்பதில்லை, பழுதால் நிற்பார்கள். "மேல்மாடி அடைப்பு", "ரெண்டு பாத்ரூம்", "கீசர் சந்தேகம்". எப்போதும் மோட்டாரைப் பற்றியே பேசும் மேனேஜரின் பெயர் "மோட்டார்".

ஒருநாள் காலை. பி பிளாக்கில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் வீட்டுச் சமையலறையில், சிங்க்குக்கு அடியில் குழாயம்மா மல்லாந்து படுத்திருந்தார். போன் அடித்தது. டீச்சர் எட்டிப் பார்த்து, "மோட்டார் கூப்பிடுதும்மா" என்றார் குழப்பத்துடன்.

குழாயம்மா ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பச்சையைத் தள்ளி, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"போட்டோ எங்கம்மா?" என்றார் மேனேஜர். "வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி குரூப்ல போட்டோ போடணும்னு சொன்னேனா இல்லையா?"

"ரெண்டு கையும் குழாய்ல இருக்கு சார். முடிச்சுட்டுப் போடறேன்."

"உங்களுக்கு இதெல்லாம் வராதும்மா. உங்க பையன் நம்பரைக் குடுங்க. இனிமே நான் அவர்கிட்டயே பேசிக்கறேன்."

"சரி சார், வைக்கறேன்" என்று சொல்லி, உறையை "டப்" என்று மூடித் தரையில் வைத்தார். பிறகு டீச்சரிடம் மனதாரச் சொன்னார்:

"போட்டோ எடுத்துப் போட்டா தண்ணி நின்னுடுமா டீச்சர்? இந்த மனுஷன் வாயும் ஒழுகற குழாய்தான். ஆனா இதுக்கு வாஷர் மாத்தினா நிக்குது, அதுக்கு எதை மாத்தினாலும் நிக்காது."

டீச்சர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். தரையில் மூடிக் கிடந்த போனுக்குள்ளிருந்து மேனேஜரின் குரல் வந்தது.

"கேக்குதும்மா. நல்லாவே கேக்குது."

குழாயம்மாவின் ரெஞ்ச் பாதிச் சுற்றில் நின்றது. உறை மூடினால் அழைப்பும் போய்விடும் என்று அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. மடக்கு போனை மூடி மூடியே பழகிய ஒருவருக்கு அப்படித்தானே தோன்றும்? பேச்சு மூடியில் இல்லை, எங்கோ ஒரு சிவப்பு வட்டத்தில் இருக்கிறது என்பதை அந்த போனில் எவரும் அவருக்குக் காட்டியிருக்கவில்லை.

மத்தியானம் வீட்டில் டீயை ஊற்றிக்கொண்டிருக்கும்போது குரூப்பில் மேனேஜரின் செய்தி வந்தது. மரியாதை தெரியாதவர்களுக்கு இங்கே வேலை இல்லை, இன்றைக்குள் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்க்கப்படும். அந்த எழுத்தின் அளவில் ஒரு செய்தியைப் படித்து முடிக்கத் திரையை ஆறேழு முறை தள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொரு தள்ளலுக்கும் மாஸ்டரின் முகம் சுருங்கியது.

"மூணு பிளாக்குமே போயிடுமே. ஒரு வார்த்தை சாரின்னு சொல்லிட்டா என்ன?"

"அவர் முதுகுக்குப் பின்னாடி பேசினதுக்குச் சொல்லலாம். பேசின விஷயத்துக்கு எதுக்குச் சொல்லணும்?"

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரையின் வலப் பக்கத்தில், அவருடைய செய்திகள் வரும் பச்சைக் கட்டத்தில், ஒரு செய்தி தானாக முளைத்தது. "மன்னிக்கவும் ஐயா. தெரியாமல் பேசிவிட்டேன். இனிமேல் இப்படி நடக்காது."

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எப்ப எழுதினே?"

"நான் தொடவே இல்ல. கையில டீ இருக்கு பாருங்க."

இருவரும் போனை ஒரு கணம் பல்லியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பிறகு குழாயம்மாவுக்கு அந்த மத்தியானமும் மடிக்கணினியும் நினைவுக்கு வந்தன. மகனை அழைத்தார்.

"நான்தான்மா போட்டேன்" என்றான் அவன், கொஞ்சமும் ஒளிக்காமல். "உன் வாட்ஸ்அப்பை என் லேப்டாப்லயும் கனெக்ட் பண்ணி வெச்சிருக்கேன். உனக்கு ஏதாவது அவசரம்னா பாத்துக்கலாமேன்னு. அந்தாளு கோவமா இருந்தாரு. ஒரு சாரியில முடிஞ்சுது பாத்தியா?"

"யாரு சாரி கேட்டது?"

"நீதான். அதாவது, உன் பேர்ல..."

"என் பேர்ல. சரி. அந்தக் கனெக்‌ஷனை எங்க போய்க் கழட்டறது?"

"அதெல்லாம் உனக்குத் தெரியாதும்மா. விடு."

"நீ சொல்ல வேணாம். குழாய் எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்கறதுதான் என் பொழப்பு."

இந்த முறை சிவப்பு வட்டத்தைத் தேடி, அழுத்தி, அழைப்பு போய்விட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே உறையை மூடினார்.

மகன் கெட்டவன் இல்லை. தாயின் வேலை போகக் கூடாது என்றுதான் நினைத்தான். ஆனால் ஒருவருக்காகச் சுமை தூக்கலாம், மருந்து வாங்கலாம், வரிசையில் நிற்கலாம். ஒருவருக்காக வருந்த முடியுமா? வருந்தாதவர் பெயரில் எழுதிய வருத்தம் யாருடையது? குழாயம்மா இப்படியெல்லாம் யோசித்திருக்க மாட்டார். தன் வாயில் வேறு யாரோ பேசினார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

டீ ஆறிப்போனது. மூன்று புள்ளிகளைத் தொட்டார், அங்கிருந்து வேறெங்கோ போனார், திரும்பினார். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "இது இல்ல, இதுக்குக் கீழ" என்று தப்பும் தவறுமாக வழி சொன்னார். கடைசியில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற வரி வந்தது. உள்ளே மகனின் கணினி இருந்தது. அதைத் தொட்டதும் "வெளியேறு" என்றது. வெளியேற்றினார். பிறகு அந்த மன்னிப்பின் மேல் விரலை வைத்து, தன் பழக்கப்படி நெடுநேரம் அழுத்தினார். குப்பைத் தொட்டிப் படம் வந்தது. "எல்லோருக்கும் நீக்கு" என்பதைத் தேர்ந்தெடுத்தார்.

"இப்ப என்ன எழுதப் போறே?"

"எழுதினா ராத்திரியாயிடும். பேசறேன்."

மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டால் குரல் பதிவாகும். மற்ற எல்லா இடத்திலும் அவரை ஏமாற்றிய அந்த முரட்டுக் கட்டைவிரல் பிடிக்கு ஏற்ற இடம் போனில் இது ஒன்றுதான். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். குழாயம்மா பேசறேன். கொஞ்ச நேரம் முன்னாடி என் பேர்ல வந்த மன்னிப்பு நான் எழுதினது இல்ல. என் பையன் எழுதினது. எடுத்துட்டேன். மேனேஜர் சார், காலையில நீங்க கேக்கலைன்னு நெனச்சு ஒண்ணு சொன்னேன். மறைவா சொன்னது என் தப்பு. அதனால இப்ப எல்லாரும் கேக்கச் சொல்றேன். போட்டோ போடறேன், அதுக்கு நான் மாட்டேன்னு சொல்லல. ஆனா என் வேலையைப் பத்தி என்கிட்ட பேசுங்க. என் பையன் இதுவரைக்கும் ஒரு ரெஞ்சைப் பிடிச்சது இல்ல. வேற ஆள் போடணும்னா தாராளமா போடுங்க. இன்னொருத்தர் கேட்ட மன்னிப்புல நான் வேலைக்கு நிக்க மாட்டேன். அப்புறம், உங்க வாய்க்கு எதை மாத்தினாலும் நிக்காதுன்னு சொன்னது கொஞ்சம் அதிகம். வாஷர் மாத்தினா நிக்கும். அவ்வளவுதான்."

விரலை எடுத்தார். போய்விட்டது.

மாஸ்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஆனால் கைக்குக் கீழே வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

குரூப்பில், எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்று காட்டும் நீல நிற டிக்குகள் மட்டும் வந்தன. சாயங்காலம் பி பிளாக் டீச்சர், சிங்க் ஒழுகுவது நின்றுவிட்டது என்று ஒரு வரி போட்டார். ஆதரவா, தகவலா என்று சொல்ல முடியாத ஒரு வரி. அடுத்த சில நாட்கள் சி பிளாக்குக்கு வேறு யாரோ பையைத் தூக்கிக்கொண்டு போவதைக் குழாயம்மா பார்த்தார். தன் பையோடு பக்கத்துத் தெருவில் வேலை தேடிப் போனார். மகன் பேசாமல் இருந்தான். இவரே அழைத்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார், வேறெதையும் பேசவில்லை. பேச்சு அங்கிருந்து மெல்ல ஓடத் தொடங்கியது.

பிறகு ஒரு காலை, போனில் மோட்டார் கூப்பிட்டது.

"மோட்டார் ஓடுது, மேல தண்ணி ஏறலம்மா" என்றார் மேனேஜர். குரலில் பழைய அதிகாரம் பாதியும் அவசரம் மீதியுமாக இருந்தது. "வந்தவங்க பாத்துட்டுப் போயிட்டாங்க. மூணு பிளாக்லயும் தண்ணி இல்ல. நீங்க வர முடியுமா?"

"குரூப்ல போடுங்க சார். போட்டோவோட."

"சரிம்மா" என்றார் மேனேஜர்.

குழாயம்மா உறையை "டப்" என்று மூடினார். மாஸ்டர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட் பண்ணியா?"

"தெரியல" என்றார் குழாயம்மா, பையில் ரெஞ்சைப் போட்டுக்கொண்டே. "கேட்டா கேக்கட்டும்."