டப்பா ஐயா

எங்கள் லயத்துப் பெண்களில் ஒருவர் வயிற்றிலும் ஒரு பூச்சிகூட இல்லை என்று ஒருமுறை கவர்மெண்ட் சோதனையிலேயே தெரியவந்தது. அந்தப் பெருமை முழுக்க என்னைத்தான் சேரும்.

இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள்தான் லயம். எனக்கு ஏழு வயதிருக்கும். அம்மா கொழுந்துக் கூடையோடு மலை ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவாள். மூச்சு வாங்கும், கால் வீங்கும். யாரும் பார்க்காதபோது அடுப்பு மண்ணைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொள்வாள். அவளைப் போலவே வெளுத்துப்போயிருந்த பக்கத்துக் காம்பரா அக்கா ஒருநாள் மலையிலேயே சுருண்டு விழுந்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து அம்மா வேலை முடிந்து திரும்பும்வரை அப்பா வாசலிலேயே நிற்பார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சுகாதார ஐயா வந்தார். மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் நன்றாகவே பேசுவார். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் ஒட்டிய சின்னத் தகர டப்பாவை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். வெறுங்கால் வழியாக ஏறி, வயிற்றுக்குள் உட்கார்ந்து இரத்தத்தைக் குடிக்கும் கொக்கிப்புழு என்று ஒன்று இருக்கிறதாம். மறுநாள் வெளிக்குப் போனதில் கொஞ்சம் டப்பாவில் போட்டுக் கொடுத்தால், புழு இருப்பவர்களுக்கு மருந்து கிடைக்குமாம்.

ஆண்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். பெண்களுக்குத்தான் உயிர் போயிற்று.

“அடி ஆத்தே! எம்பேரு ஒட்டுன டப்பாவ ஒரு ஆம்பள தொறந்து பாக்குறதா? அதுக்கு நான் நாண்டுக்கிட்டுச் சாவலாம்” என்றாள் அம்மா.

வழி சொன்னது என் அத்தை. “சின்னப் புள்ளையோடதுன்னா என்ன வெக்கம்?”

மறுநாள் விடிந்ததும் அம்மாவின் டப்பா, அத்தையின் டப்பா, பிறகு வரிசையாக லயத்துப் பெண்கள் அத்தனை பேரின் டப்பாவும் என் தயவில் நிறைந்தன. “மருமவ ஒத்த ஆளா நின்னு லயத்து மானத்தையே காப்பாத்திப்புட்டா” என்று மாமா கேலி செய்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் போன மாதம்தான் எங்களுக்குப் பூச்சிக்கு மருந்து கொடுத்திருந்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை.

முடிவு சொல்ல ஐயா வந்த அன்று தோட்டத்துத் துரையும் வந்திருந்தார். அநேகமாக எல்லா ஆண்களுக்கும் புழு. பெண்களில் ஒருவருக்கும் இல்லை. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அம்மாவின் முன்னால் நின்று, கீழ் இமையை இழுத்துக் காட்டச் சொன்னார். உள்ளே அரிசி கழுவிய தண்ணீர் நிறம். அவள் பின்னால் ஒட்டி நின்ற என்னையும் ஒருமுறை பார்த்தார்.

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார். “வர்ற வழியில டப்பாவெல்லாம் கலந்துபோச்சு. பிழை என்னோடது. பொம்பளைங்களுக்கு மட்டும் திரும்ப எடுக்கணும். இந்தத் தடவை பேர் ஒட்ட மாட்டோம், நம்பர்தான். மருத்துவச்சி அம்மா வீடு வீடா வந்து வாங்குவாங்க.”

கணக்கப்பிள்ளை அதைத் துரைக்கு மொழிபெயர்த்தார். துரை சிவந்துபோய் இங்கிலீஷில் வெளுத்து வாங்கினார். ஐயா தலையைக் குனிந்து நின்றார். அன்றைக்கே பிள்ளைகள் அவருக்கு ‘டப்பா ஐயா’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ரோட்டுவரை பின்னாலேயே ஓடினேன். “ஐயா, ஒண்ணும் கலக்கல. பொம்பளைங்க டப்பாவுல இருந்ததெல்லாம் என்னோடதுங்க!”

“தெரியும் நங்கி” என்றார், சொந்தத் தங்கையைக் கூப்பிடுவது போல. “அம்மாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்.”

இரண்டாவது முறை அம்மா மருத்துவச்சியிடம் தன்னுடையதையே கொடுத்தாள். புழு இருந்தது. நாற்றமெடுத்த மருந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்; பிறகு மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை. அடுத்த மழைக்காலத்தில் உட்காராமல் மலை ஏறினாள். அப்பா வாசலில் நிற்பதை விட்டுவிட்டார்.

எனக்கு மட்டும் அந்தக் குழப்பம் தீரவில்லை. எல்லாம் தெரிந்தவர் துரையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பல நாள் யோசித்துக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். பாவம், ஐயாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.