கரீம் பாயும் பித்தளை வால்வும்

செவ்வாய்க்கிழமை காலை அசோக் நகர் வீட்டில் தொலைபேசி ஒலித்தது. "கரீம் பாய் தவறிட்டாரு சார், தூக்கத்துலயே" என்றார் அலுவலக நண்பர். எங்கள் தரமணி ஆய்வகத்தின் எஞ்சின் மெக்கானிக் அவர். பிற்பாடு சேர்ந்தவர்கள் அவரை ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுப்பவராகத்தான் அறிவார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தொண்ணூற்றிரண்டில், மீன்பிடிப் படகின் பழைய டீசல் எஞ்சினை அமோனியாவில் ஓட்டிப் பார்க்கும் ஆராய்ச்சி என் பொறுப்பில் வந்தது. அமோனியாவில் கரி கிடையாது. ஆனால் லேசில் பற்றாது. கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன் விடவேண்டும். இதை விளக்க நான் கரும்பலகையை நிரப்பினேன். கரீம் பாய் பார்த்துவிட்டு, "ஈர வெறகு சார் அது. ஐட்ரஜன்தான் சுள்ளி. அவ்ளோதானே?" என்றார். அவ்வளவேதான். ஐஸ் ஃபாக்டரியில் பல வருடம் அமோனியாக் குழாய்களோடு மல்லுக்கட்டியவர். கசிவைக் கருவி காட்டுவதற்குள் அவர் மூக்கு சொல்லிவிடும்.

எஞ்சின் முதன்முதலாக நிற்காமல் ஓடிய அன்று, புகைக்குழாய் முன்னால் தன் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துக் காட்டினார். "பாருங்க சார், தொவைச்ச மாதிரியே கீது!" அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த வருட ஆயுத பூஜைக்குப் பொரி கடலை வாங்கி வந்தவர் வழக்கம்போல் அவர்தான். எஞ்சினைத் துடைத்துச் சந்தனம் வைத்தோம். அமோனியாக் குழாயில் துருவேறிய இரும்பு வால்வு ஒன்று என் கண்ணை உறுத்தியது. இரண்டு வாரத்தில், ஆராய்ச்சிக்குப் பணம் தரும் குழு பார்வையிட வருகிறது. தி.நகரில் பளபளவென்று ஒரு பித்தளை வால்வு வாங்கி நானே மாட்டினேன்.

"பித்தளை வாணாம் சார். அமோனியா துன்னுடும்."

"குழு வந்துட்டுப் போகட்டும் பாய், மாத்திடலாம்."

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். எங்கள் ஆய்வகத்திலும் ஏறவில்லை.

குழுவின் கண்ணெதிரே வால்வு விரிசல் விட்டது. எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே ஓடினோம். ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய் அமோனியா சிலிண்டரை மூடியவர் கரீம் பாய். விசாரணை அறிக்கை 'மெக்கானிக்கின் கவனக்குறைவு' என்றது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அதில் கையெழுத்துப் போட்டேன். அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். எஞ்சின் அறைக்குள் அவர் நுழையக் கூடாதென்று உத்தரவு. வழியில் பார்த்தால், "எஞ்சின் எப்டி கீது சார்?" என்று மட்டும் கேட்பார். வெட்கத்தோடு, நன்றாக ஓடுகிறது என்பேன்.

அடக்கம் முடிந்து அவருடைய மயிலாப்பூர் வீட்டு வாசலில் மூத்த மகனிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் சார். அத்தா அன்னிக்கே சொன்னாரு. போய்க் கேளுன்னு நான் சண்டை போட்டேன். 'வாணாண்டா, சாரே ஒரு நாள் வந்து சொல்வாரு'ன்னாரு. ஞாயித்துக்கெழம ஆனா சட்டை மாட்டிக்கினு இங்கதான் குந்தினு இருப்பாரு."

ஆறு வருடங்கள். அசோக் நகரிலிருந்து ஒரே பஸ்.

கரீம் பாய், அந்த வால்வை மாட்டியவன் நான்தான். போய் வாருங்கள்.