சிவப்புக்கோட்டுக்கு மேலே

நான் வேலை பார்க்கும் பாலைவன ஊரில் விமானத்தையும் குளிப்பாட்டுகிறார்கள். அதுதான் என் வேலை. எண்ணெய்க் கிணற்றுக்கு ஆள் ஏற்றிவரும் சின்ன விமானம், இறக்கைக்கு ஓர் என்ஜின். மணலைக் கழுவியபின் உள்ளே வேக மீட்டரின் கண்ணாடியைத் துடைப்பேன். அதில் ஒரு சிவப்புக்கோடு, அதைத் தாண்டி ஒரு நீலக்கோடு. மூன்று வருஷம் துடைத்தேன். எதற்கென்று கேட்கவில்லை.

லீவு கிடைத்தது. பெரிய ஏர்போர்ட் வரை அதிலேயே போகச் சொன்னார்கள். நான் ஊரை விட்டபின் பிறந்த மகளை இன்னும் தொட்டதில்லை. கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முள் சிவப்பைத் தாண்டும்வரை அவர் சக்கரத்தைத் தரையிலேயே வைத்திருந்தார். பிறகு கிளம்பினோம். கிளம்பியதும் இடது என்ஜின் நின்றது. விமானத்தின் மூக்கு இடது பக்கம் இழுத்தது.

எங்கள் ஊரில், ஆலங்காயத்திலிருந்து நெல்லிவாசல் மலை ஏறும் ஷேர் ஜீப் பள்ளத்துப் பக்கம் சரிந்தால், நாங்கள் எல்லோரும் மலைப் பக்கம் சாய்வோம். "சாயுங்கப்பா, இன்னா பொண்ணு பாக்கவா வந்துகீறீங்க?" என்று டிரைவர் கத்துவார். அதே உடம்புதானே. ஓடுகிற என்ஜின் பக்கம் கதவோடு சாய்ந்தேன். "தூக்கு சார், மேல தூக்கு!" என்று தமிழில் கத்தினேன். அவர் தூக்கவில்லை. வலது கால் பெடலை அழுத்தி மிதித்து, மூக்கைத் தாழ்த்தினார். விமானத்தையும் என் பக்கமே கொஞ்சம் சாய்த்தார். மணல் கிட்டே வந்தது. முள் சிவப்பை ஒட்டி நடுங்கியது. பிறகு மெல்ல நீலத்துக்குப் போனது. அப்புறம்தான் ஏறினோம். ஒரு சுற்று வந்து இறங்கினோம்.

சிவப்புக்குக் கீழே போனால் வால் பேச்சைக் கேட்காது, ஓடுகிற என்ஜினே நம்மைப் புரட்டிவிடும் என்று கேப்டன் கையைக் கவிழ்த்துக் காட்டினார். தூக்கியிருந்தால் வேகம் போயிருக்கும். நீலத்தைத் தொட்டால்தான் ஒரே என்ஜினில் ஏற முடியுமாம். அவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. ஏன் சாய்ந்தாய், மயக்கமா என்றார். "ஜீப்" என்றேன். வேறு இங்கிலீஷ் வரவில்லை. இனி விமானம் வேண்டாம், ஜீப்பில் போகிறேன் என்கிறேனாக்கும் என்று நினைத்து, பெரிய ஏர்போர்ட்டுக்கு ஒரு ஜீப்புக்குச் சொல்லிவிட்டார். நான் ஏறிக்கொண்டேன்.

வழியில் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"இன்னாய்யா, கொரலு ஒரு மாரி கீது?" என்றாள் என் சம்சாரம்.

"ஒண்ணும் இல்ல. வர்றேன்."

"சோறு துன்னியா?"

அவள் கேட்டபின்தான் பசித்தது.

இப்போது ஊரில் இருக்கிறேன். நேற்று மகளை மடியில் வைத்து ஜீப்பில் மலை ஏறினேன். வளைவில் எல்லோரும் சாய்ந்தார்கள். நானும் சாய்ந்தேன், அவளும் சாய்ந்தாள். கண் மட்டும், முள் எப்போதோ நின்றுபோன அந்த ஜீப்பின் மீட்டரில் நீலக்கோட்டைத் தேடியது.