முட்டை போட்ட டீச்சர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முப்பது வருஷமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன், வாய் நீளாமல் என்ன செய்யும்? போன வருஷம் ஈஸ்டர் அன்றைக்கு, சர்ச் வளாகத்தில், அந்த வாய்தான் என்னை மாட்டிவிட்டது.

புனே கேம்ப் பகுதியில் இருக்கிற எங்கள் சர்ச்சில் ஈஸ்டர் காலை ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் டிபன் உண்டு. மேஜை நடுவில் ஒரு பெரிய கூடை, கூடை நிறையச் சாயம் தோய்த்த அவித்த முட்டைகள். அந்த மேஜை மைனியின் ராஜ்ஜியம். மைனி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. சனிக்கிழமை முழுக்க ஐந்து சட்டியில் ஐந்து சாயம் கலக்கித் தோய்ப்பார். கல்யாணமாகி நான் புனேவுக்கு வந்த வருஷத்திலிருந்து அங்கே எனக்கு ஒரே வேலைதான். அவித்த முட்டைகளை ஈரம் போகத் துடைத்து அவர் கையில் நீட்டவேண்டும். "ஒனக்குக் கணக்குதான்ளா வரும், கைவேலை வராது" என்று சொல்லிச் சொல்லியே சட்டிப் பக்கம் என்னை விட்டதில்லை.

அன்றைக்கு நான் சந்தன நிறத்தில் பட்டுப் புடவை கட்டியிருந்தேன். கூடையைத் தூக்கி வைக்கப் போய் நீலச் சாயம் முந்தானையில் இறங்கிவிட்டது. பேசாமல் வீட்டுக்குப் போய் அழுதிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். எல்லார் முன்னாலும் சொன்னேன்: "மைனி, அடுத்த ஈஸ்டருக்கு இந்தச் சாயமே வேண்டாம். கர்த்தரே கலர் போட்டுக் குடுக்குத முட்டையா நான் கொண்டாரேன்."

"வெள்ளை கொண்டாருவ, பழுப்பு கொண்டாருவ. நீலம் கொண்டாருவியாக்கும்?"

"நீலமும் கொண்டாருவேன்."

மைனி சுற்றி நின்ற பெண்களை ஒரு பார்வை பார்த்தார். "கேட்டியளா? முப்பது வருசமா பிள்ளைகளுக்கு முட்டை போட்டவ, இப்போ கோழிய நீல முட்டை போட வைக்கப் போறாளாம்!"

கொல்லென்று ஒரு சிரிப்பு. என்னிடம் கணக்கில் முட்டை வாங்கிய இரண்டு மூன்று பெண்கள் அங்கேயே கைக்குழந்தையோடு நின்றிருந்தார்கள். அவர்கள்தான் சத்தமாகச் சிரித்தார்கள். மராத்தியில் சைபர் வாங்கினால் பூசணிக்காய் வாங்கினான் என்பார்கள். பூசணிக்காயாக இருந்திருந்தால் ஒரு விதையை ஊன்றி சுலபமாகக் காட்டியிருப்பேன்.

"ஒரே ஒரு நீல முட்டை கொண்டா, போதும்ளா" என்றார் மைனி. "சாயச் சட்டியக் கவுத்துட்டு மேஜைய ஒங்கிட்ட குடுத்துருதேன். கொண்டாரலன்னா, நான் இருக்க வரைக்கும் நீ முட்டை தொடைக்கணும். வாயத் தொறக்கப்படாது."

துடைப்பதுகூடப் பரவாயில்லை. வாயைத் திறக்காமல் துடைப்பது என்னால் ஆகாது. எனக்கு அந்த நீல முட்டை வேணும், அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது பழைய ஓட்டு வீடு. பின்னால் ஒரு சின்ன முற்றம். அதில் ஒரு சப்போட்டா மரம், துணிக்கொடி, என் வீட்டுக்காரரின் பழைய ஸ்கூட்டர். அது ஓடி நாலு வருஷம் ஆகிறது. மேலே தார்ப்பாய், கால் வைக்கிற பலகையில் மல்லாந்து கிடக்கும் ஒரு ஹெல்மெட். புனேக்காரர்கள் ஹெல்மெட்டைத் தலையைத் தவிர எல்லா இடத்திலும் வைப்பார்கள். இவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், கேட்கவே வேண்டாம்.

இவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். வாலிபத்தில் ராணுவத்தில் சேரப் போயிருக்கிறார். மெடிக்கலில் கலர் கலராகப் புள்ளி வைத்த ஒரு படத்தைக் காட்டி, இதற்குள் என்ன நம்பர் தெரிகிறது என்று கேட்டிருக்கிறார்கள். "நம்பரா? எங்க?" என்றாராம். கண்ணுக்குக் கலர் பிடிபடாது என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ராணுவ ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக இருந்து இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். தக்காளி வாங்கப் போனால் இன்னும் பாதி காயாகத்தான் கொண்டுவருவார். அதனால் கோழி பார்க்க அவரைக் கூட்டிப் போகவில்லை.

ஹடப்சர் தாண்டி ஒருவர் கலர் முட்டைக் கோழிகள் வளர்க்கிறார் என்று போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். கணபதி கரைத்த மறு வாரம், கூட்டமெல்லாம் ஓய்ந்தபின் பஸ் ஏறினேன். அவர் ஒரு மராத்திக்காரர். ஆபீஸ் மகர்பட்டாவில், பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. நான் போனபோது தலையில் ஹெட்போன், தோளில் ஒரு கோழிக்குஞ்சு, மடியில் லேப்டாப். மீட்டிங் நடக்கிறது, பொறுங்கள் என்று விரலைக் காட்டினார். எனக்கா பொறுமை? அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஒரு கடக்நாத் கோழியைக் காட்டி, "இது கருப்பு முட்டைதானே போடும்?" என்று இந்தியில் கேட்டேன். அந்தக் கோழிக்கு இறகு, கொண்டை, நாக்கு, கறி எல்லாமே கருப்பு. முட்டை மட்டும் வேறு எப்படி இருக்கும் என்று நினைத்தேன்.

மனுஷர் மைக்கை அணைத்திருக்கவில்லை. மீட்டிங் முழுக்கச் சிரிக்கிற சத்தம் ஹெட்போனுக்கு வெளியே கேட்டது. கோழிதான் கருப்பு, முட்டை லேசான காப்பி நிறம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அப்புறம் காது பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். கோழிக்குக் காதுமடல் வெள்ளையாக இருந்தால் முட்டை பெரும்பாலும் வெள்ளை, சிவப்பாக இருந்தால் பழுப்பு. முப்பது வருஷம் பிள்ளைகள் காதைத் திருகிய கைக்கு இது பெரிய வேலையா? ஒவ்வொன்றாகப் பிடித்துக் காதைப் பார்த்தேன். வெள்ளைக் காதுக்கு ஒரு லெகார்ன் எடுத்தேன். சிவப்புக் காதுக்கு இரண்டு ரோட் ஐலண்ட் ரெட், அடர்ந்த பழுப்புக்காக. என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்த பாவத்துக்கு அந்தக் கருப்பியையும் எடுத்தேன். எல்லாமே இன்னும் முட்டை வைக்கத் தொடங்காத இளங்கோழிகள்.

நீலத்துக்கு மட்டும் காது உதவாதாம். அது கோழியின் வம்சத்தில் வரவேண்டும். கன்னத்தில் பொசுபொசுவென்று தாடி வைத்த இரண்டு சாம்பல் நிறக் குஞ்சுகளைக் கொடுத்தார். தாய்க்கோழி நீல முட்டைதான், ஆனால் இது கலப்பு, பழுப்பாகப் போட்டாலும் போடும் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். "நீலமா வந்தா சந்தேகமே வேண்டாம், ஓட்டுக்கு உள்பக்கமும் நீலமா இருக்கும்" என்றார். அதை மனசில் குறித்துக்கொண்டேன். குஞ்சு ஆறு மாதத்தில் முட்டை வைக்கும். ஈஸ்டருக்கு ஆறு மாதத்துக்கு மேலேயே இருக்கிறது. என் கணக்கு தப்புமா?

தப்பியது. கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் தாடிக் குஞ்சுகளில் ஒன்று துணிக்கொடிக் கம்பத்தில் ஏறி நின்று கொக்கரக்கோ என்றது. சேவல்! ஹடப்சருக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, கவ்ரான் என்று இங்கே சொல்கிற நாட்டுக்கோழி ஒன்றை வாங்கி வந்தேன். என் மானம் மரியாதை எல்லாம் மிச்சமிருந்த ஒரே தாடிக்காரியின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது தப்பைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். எல்லாக் கோழியும் ஜோராக முட்டை வைக்கத் தொடங்கியது லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின விரத நாட்களில். எங்கள் வீட்டில் லெந்து நாட்கள் நாற்பதும் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. மைனி போட்ட சட்டம், நாங்களும் மீறியதில்லை. ஆறு மாதம் எண்ணத் தெரிந்த எனக்கு இந்த நாற்பது நாள் மறந்துபோயிற்று. வெள்ளை, பழுப்பு, காப்பி, சந்தனம் என்று ட்ரேயில் முட்டை அழகாக அடுக்கியிருக்கும், சாப்பிடத்தான் ஆள் இல்லை. காலையில் அவித்த முட்டை இல்லாமல் இட்லி இறங்காத என் வீட்டுக்காரர் ட்ரேயைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஒன்று குறைந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மராத்தி அம்மாவுக்கும் அவர் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்துக் கொடுத்துத் தீர்த்தேன்.

தாடிக்காரி மட்டும் ஒன்றும் போடவில்லை. கொண்டை சிவந்துவிட்டது, கூட்டுக்குள் எட்டிப்பார்ப்பதும் போவதுமாக இருக்கிறாள், முட்டை மட்டும் இல்லை. தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் கூட்டுக்குள் கையை விட்டுத் துழாவுவேன். ஞாயிறுதோறும் மைனி கேட்பார்: "என்னளா, நீலம் வந்துச்சா?" அந்த நாற்பது நாளில் நான் ஜெபித்ததெல்லாம் ஒரு கோழியின் பின்பக்கத்துக்காக என்று பாதிரியாருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாரோ.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் ஸ்கூலைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். பதினோரு மணிக்கே ரிக்‌ஷாவில் வந்து இறங்கினேன். அடுப்படியில் என் வீட்டுக்காரர் முதுகைக் காட்டி நின்றார். "என்ன செய்யுதிய அத்தான்?" என்றதும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. வாய் நிறைய முட்டை.

"லெந்து நாளுல! அதுவும் நாளைக்கு பெரிய வெள்ளிய வச்சிக்கிட்டு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மேடையில் விரித்த பேப்பரில் முட்டை ஓடு கிடந்தது. பச்சையும் கலந்த வெளிர் நீலம், நாலு வருஷம் துவைத்த ஸ்கூல் யூனிபார்ம் மாதிரி.

"இது எங்க கெடந்துச்சு?"

விழுங்கிவிட்டுச் சொன்னார்: "ஸ்கூட்டர்ல. ஹெல்மெட்டுக்குள்ள."

"என்னைக்குலேர்ந்து?"

"ஒரு மூணு வாரமா. ட்ரேயில உள்ளதத் தொட்டா நீ கண்டுபிடிச்சிருவ. இது கணக்குல வராத முட்டைதானட்டி? வெள்ளக்கோழிதான் கூட்டுல ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு போடுதுன்னு நெனச்சேன்."

"ஒரு கோழி தெனம் ரெண்டு முட்டை போடுமா? கணக்கு டீச்சர் புருசன் பேசுத பேச்சா இது? அத்தான், இது நீலம்! நீலம்!"

"எது?" என்றார்.

ஓட்டை எடுத்து அவர் கண் முன்னால் பிடித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெள்ளையாத்தானட்டி இருக்கு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எத்தனை தின்றீர்கள் என்று கேட்டதற்கு விரல் விட்டு எண்ணிப் பதினாறு என்றார். நான் ஜெபித்துக்கொண்டிருந்த நீலம் பதினாறு தடவை வந்து, பதினாறு தடவையும் இவர் வயிற்றுக்குள் போயிருக்கிறது! "அக்காட்ட மட்டும் சொல்லிராதட்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மைனி காதுக்கு இது போனால் அவருக்கு ஆயுசுக்கும் திட்டு நிச்சயம்.

ஓட்டைக் காட்டினால் சாயம் தோய்த்த ஓடு என்பார் மைனி. முழு முட்டை வேண்டும், இரண்டே நாள் இருக்கிறது. இங்கேதான் நான் கூமுட்டை வேலை பார்த்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று ஹெல்மெட்டைக் கழுவிக் காயவைத்து, வைக்கோல் போட்டு, கூட்டுக்குள் கொண்டுபோய் வைத்தேன். வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒன்றாவது என் காதில் ஏறியிருந்தால் கேளுங்கள். வந்து பார்த்தால் ஹெல்மெட் காலி. தாடிக்காரி ஸ்கூட்டர் மேல் நின்றுகொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் ஹெல்மெட்டைப் பழையபடி ஸ்கூட்டர் பலகையில் மல்லாத்தி வைத்தேன், தார்ப்பாயை மூடினேன். சாயம் தோய்க்கிற இடத்துக்கு முட்டை துடைக்க வரச்சொல்லி மைனி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். "வாரேன் மைனி, வாரேன்" என்று சொல்லிக்கொண்டு துணிக்கொடி பக்கத்திலேயே நின்றேன். பத்தரை மணிக்குத் தார்ப்பாய்க்குள்ளிருந்து ஊரையே கூட்டுகிற மாதிரி ஒரு கொக்கரிப்பு. கையை விட்டேன். சூடாக இருந்தது. வெளியே எடுத்தேன்.

நீலம்! நான் போட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டு அம்மா காம்பவுண்டு சுவருக்கு மேலே எட்டிப்பார்த்தார்.

மறுநாள் ஆராதனை முடிந்து எல்லாரும் மேஜையைச் சூழ்ந்ததும், அவித்த முட்டைகளோடு என் கூடையைக் கொண்டு போய் வைத்தேன். வெள்ளை, பழுப்பு, காப்பி, சந்தனம், எல்லாவற்றுக்கும் நடுவில் அது. மைனி குனிந்து பார்த்தார். "எந்தக் கடையில சாயம் வாங்கின?" என்றார்.

"தொடைச்சுப் பாருங்க மைனி."

கைக்குட்டையை நனைத்துத் துடைத்தார். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து துடைத்தார். நகத்தால் சுரண்டினார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. "ஒடைங்க" என்றேன். "உள்ள பாருங்க." மேஜை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, உரித்து, ஒரு துண்டு ஓட்டைத் திருப்பிப் பார்த்தார். உள்ளேயும் நீலம். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"ஏளா" என்றார். "நெசந்தான்ளா."

என்னிடம் முட்டை வாங்கிய பெண்கள் கை தட்டினார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மைனி தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தார். நான் இத்தனை வருஷம் முட்டை துடைத்த துண்டு அது. "சாயச் சட்டிய நாளைக்கே பழைய பாத்திரக்காரன்ட்ட போட்டுருதேன். மேஜை இனி ஒன்னுது. ஆனா கோழி முட்டையில அழுக்கு இருக்கும்லா? அடுத்த வருசம் தொடைக்க நான் வாரேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்று காதோடு சொன்னார்: "எனக்கு இப்பவும் வெள்ளையாத்தானட்டி தெரியுது. ஆனா ஒம் மூஞ்சியப் பாத்தா அது நீலந்தான்."

அப்போதுதான் மைனி அவரைப் பார்த்தார். உரித்த முட்டை இன்னும் மைனி கையில் இருந்தது. "இந்தால தம்பி, இத நீ சாப்பிடு" என்று அவர் வாயருகில் நீட்டினார். "வீடு நெறைய முட்டைய வச்சிக்கிட்டு நாப்பது நாளும் வாயக் கட்டிக்கிட்டு இருந்தியே, பாவம். எல்லாரும் கேளுங்க, லெந்து இருந்தா எந்தம்பி மாதிரி இருக்கணும்."

அவர் முட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திருதிருவென்று முழித்தார். பதினேழு என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தோற்றிருந்தால்தான் நான் வாயைத் திறக்கக்கூடாது. ஜெயித்துவிட்டு, நானாகவே, வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அவர் அதைச் சாப்பிட்டார்.